ஒரு ஸ்பூன் டீ

அப்பாவின் மணிக்கட்டில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் பசை போகவே மாட்டேன் என்றது. மூத்தவள் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாத வார்டில் இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். இன்றைக்கு என்னவோ விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"விடுடீ, தோல் உரிஞ்சிடப் போகுது" என்றாள் அம்மா, அவருக்கு இன்னும் வலிக்கும் என்பதுபோல.

கூடத்தில் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், கடைசியாக ஏதாவது சாப்பிட்டாரா என்று. அம்மாவும் அலுக்காமல் சொன்னாள்.

"என் கையாலதான் குடிச்சாரு. பிளாஸ்க்ல டீ கொண்டுபோயிருந்தேன். வாய் கோணிப்போச்சு, பேச்சு வரலை. ஆனா பிளாஸ்க்கையே பாத்துட்டு இருந்தாரு. மனசு கேக்குமா? ஸ்பூன்ல குடுத்தேன். சமத்தா குடிச்சாரு. ஒரு இருமல்கூட இல்ல."

"அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும் அண்ணி" என்றாள் அத்தை, மூக்கைச் சிந்தியபடி. தையற்காரரான அப்பா டீ இல்லாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டார் என்பது தெருவுக்கே தெரியும்.

மூத்தவள் தலை நிமிரவில்லை. இருமாததுதான் வினை. பக்கவாதத்தில் தொண்டை மரத்துப்போனால் குடிப்பது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்கு இறங்கும். இருமி வெளியே தள்ளக்கூட உடம்புக்குத் தோன்றாது. அதற்காகவே அவர்கள் வார்டில் ஒரு நடைமுறை இருந்தது. நோயாளி வாசலுக்குள் வந்ததிலிருந்து ஸ்கேன், ஊசி, படுக்கை என்று யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதி வைத்தது. விழுங்கும் சோதனையில் தேறாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது என்பதும் அதில் உண்டு. இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று முகம் சுளித்த டாக்டர்களோடு மல்லுக்கு நின்று அதைக் கொண்டுவந்ததே மூத்தவள்தான்.

அதே வார்டில் சேர்த்திருந்த அப்பா அந்தச் சோதனையில் தேறவில்லை. தலைமாட்டில் 'வாய்வழியாக எதுவும் கூடாது' என்று அட்டை தொங்கியது. டியூட்டியில் இருந்த சின்ன நர்ஸ் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அம்மாவும் தலையாட்டினாள். நேரத்துக்கு ஊசி போட்டு, வலது கை லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. பிழைத்திருக்க வேண்டிய மனுஷன்.

காய்ச்சல் ஏறி மூச்சு இரைத்தபோது, குழாய் விட்டுச் சளியை உறிஞ்சியது மூத்தவள்தான். குழாயில் டீ நிறத்தில் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. சின்ன நர்ஸ் டியூட்டி உடுப்போடேயே வந்திருந்தாள். தம்பி அவளை வழிமறித்து நின்றான்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்தே? மூளையில அடைப்புன்னு சேத்தோம். கை அசைஞ்சுது, என்னைப் பாத்துச் சிரிச்சாரு. நுரையீரல்ல சளி எங்கேருந்து வந்துச்சு? நீதானே டியூட்டி? நாளைக்கே புகார் குடுக்கறேன். உன்னை வேலைய விட்டுத் தூக்காம ஓய மாட்டேன்."

"சார், நான் எல்லாம் சரியாத்தான் பண்ணேன்." அவள் தம்பியைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

வேலை நிரந்தரமாகாத பெண். விசாரணை என்று வந்தால் முதலில் உருளுவது அவள் தலைதான். உண்மையைச் சொன்னாலோ, அம்மா மிச்ச ஆயுசு முழுக்க அந்த ஸ்பூனை விட்டு நகர மாட்டாள். மூத்தவளுக்கு அப்பாவின் மேலேயே கோபம் வந்தது. பாழாய்ப்போன டீ இல்லாமல் ரெண்டு நாள் கிடக்க முடியவில்லையா இவருக்கு?

பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவளை விடுடா. அவ மேல தப்பில்ல. டீ நுரையீரலுக்குள்ள போய்த்தான் இப்படி ஆச்சு."

அம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"குடுக்கலாம்னு அம்மாகிட்ட சொன்னது நான்தான்" என்றாள் மூத்தவள், டியூட்டி மாற்றும்போது விவரம் ஒப்பிக்கும் குரலில். "தண்ணி விட்டுப் பாத்தேன். சரியா முழுங்கறாருன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கலை. புகார் குடுக்கறதுன்னா என் பேருல குடு."

தம்பி நர்ஸை விட்டுவிட்டு மூத்தவளிடம் வந்தான்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே அக்கா. பெத்த அப்பாவுக்கு..." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரை எடுக்கறவரைக்கும் இரு. அப்புறம் என் கண்ணுல படாதே."

அவன் வெளியே போனான். சின்ன நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூத்தவள் கண்ணாலேயே அடக்கினாள்.

இப்போது அம்மாவை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். அம்மா டீ கொடுத்தபோது அவள் வார்டிலேயே இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இவ ஒண்ணும் சொல்லலைடா' என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று மூத்தவள் பயந்தாள். வந்துவிடாதா என்றும் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். நடந்தது எதுவும் தெரியாதவர். அம்மாவின் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கடைசியாக ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார்.

அம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டீ குடிச்சாரு" என்றாள். பிறகு, மூத்தவளைப் பார்க்காமல் கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினாள். "இவதான் குடுக்கலாம்னு சொன்னா. அதான் குடுத்தேன்."

வந்தவர் மூத்தவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஜன்னல் வெயில் அப்பாவின் முகத்தில் விழுந்திருந்தது. போய்த் திரையை இழுத்துவிட்டாள்.