கயிறு கட்டி இழுக்காத படகு

"அண்ணி, நங்கூரத்தை எடுக்காதீங்க! இழுவைப் படகு கிளம்பியாச்சு!" என்று கொழுந்தன் ஒயர்லெஸ்ஸில் கத்தியபோது, அவள் நங்கூரத்தை எடுத்துப்போட்டுவிட்டுக் காலில் வழிந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"திருப்பி அனுப்புங்க" என்றாள்.

"விளையாடாதீங்க அண்ணி. அண்ணனே போயிட்டாரு. யாரு ஓட்டுவா?"

அண்ணன் உள்ளே படுக்கையில் இருந்தார். விடியும்போது காப்பி கேட்டார், குடித்தார், "சர்க்கரை கம்மி" என்றார், கண்ணை மூடினார். அவ்வளவுதான். குறை சொல்லாமல் சாகிற ஆளா அவர்?

முப்பத்து நான்கு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, மீன்காரர்கள் கழித்துக்கட்டிய சின்ன விசைப்படகு ஒன்றை வாங்கினார். அடுப்பும் படுக்கையும் வைத்துக்கொண்டு இருவருமாகக் கரையோரக் குடாக்களையும் கால்வாய்களையும் சுற்றிய பதினோரு வருடத்தில் பூமியை நாலு தடவையாவது வலம் வந்திருப்பார்கள். அவர் கணக்கில் ஆறு. ஒரு நாள்கூடப் படகு இன்னொருவர் கயிற்றில் இழுபட்டு வந்ததில்லை. அப்படி வருகிறவர்களைக் கண்டால் துறையில் நின்று, "என்ன சார், மாட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இன்று துறையில் நிற்பார்கள். அவர்கள் கண்முன் அவரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவதாவது!

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அவருக்குப் படகைத் திருப்ப வராது. ரயிலுக்கு ஏது சுக்கான்? தண்டவாளம் போன பக்கம் போய்ப் பழகியவர். முதல் வாரத்திலேயே ஒரு மரப்பாலம், இரண்டு மிதவை, தூண்டிலோடு சிவனே என்று உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரி என்று எதையும் பாக்கி வைக்காமல் இடித்தார். எட்டாம் நாள் அவள் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தையல் கடையில் முப்பது வருடம் துணி வெட்டிய கை. அன்று முதல் எஞ்சின் அவருக்கு, சுக்கான் அவளுக்கு. துறை நெருங்கியதும் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்தளத்தில் நின்று "இடது! இடது!" என்று முழங்குவார். உள்ளே அவள் நிதானமாக வலது பக்கம் திருப்புவாள். கரை அவருக்கு சலாம் வைக்கும். புருஷன் மானத்தைப் பதினோரு வருடமாக அவள் மூச்சு விடாமல் காத்துவந்தாள்.

குடாவைக் கடந்து கால்வாய்க்குள் நுழைந்ததும் எஞ்சினின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. அது அவர் இலாகா.

"ஏங்க, இப்பவா?" என்றாள் படுக்கையைப் பார்த்து.

படகைக் கரையோரம் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, கீழே இறங்கினாள். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியைக் கழற்றினால், இரட்டை மெத்தைக்குப் போதுமான பாசி. அள்ளி எறிந்தாள். அந்த எஞ்சினுக்கு அவர் வைத்திருந்த வசவுகளை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். மறுபடி கிளப்பியதும் முள் இறங்கியது.

அதற்குள் இழுவைப் படகு வந்து சேர்ந்திருந்தது. "கயிறைப் பிடிங்கம்மா!"

"வேணாம். வேணும்னா பின்னால வாங்க. தள்ளி வாங்க."

துறையில் இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே கஞ்சன் கொடுத்ததுபோல் ஓர் இடம். பக்கவாட்டில் காற்று வேறு. கரையில் கொழுந்தனோடு முப்பது பேர் கூடி நின்றார்கள். அவள் ஒரே வீச்சில் திருப்பி, பின்பக்கமாக உள்ளே நுழைந்து நிறுத்தினாள். எதுவும் எதன்மீதும் படவில்லை.

"பாத்தீங்களா! எங்கண்ணன் கத்துக் குடுத்தது!" என்றான் கொழுந்தன், அழுதுகொண்டே.

'ஆமாம்' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். துறைக்காரர் முந்திக்கொண்டார்.

"யாரு, உங்கண்ணனா? அவரை விட்டா படகைக் கொண்டுபோய் மரத்துமேல ஏத்திடுவாரு. ஓட்டுறது அம்மாதான். டீ குடிக்கறப்பல்லாம் அவருக்கு இதே பேச்சு. 'எங்க வீட்டம்மா படகை ஊசிக் காதுல கோத்துடுவா. எனக்காக ரகசியமா வச்சிருக்கா, பாவம், காட்டிக் குடுத்துடாதீங்க'ன்னு. எங்க முப்பது பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உங்க வாய் ஓட்டை வாயாம் தம்பி."

அவள் சுக்கான் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முப்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவர் தலையைச் சொறிந்தார். இன்னொருவர் நெற்றியில் கை வைத்து, நேராக அவளைப் பார்த்து, சலாம் வைத்தார்.

"கதை அளந்திருக்காரு" என்றாள்.

நாலு பேர் உள்ளே ஏறினார்கள். "முதல்ல படகைக் கட்டிடுறோம்மா. காத்து தள்ளுது."

"கட்ட வேணாம். நான் பிடிச்சுக்கறேன். அவரை இறக்குங்க."

எஞ்சினை மெல்ல உறும விட்டு, ஒரு கையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டாள். காற்று தள்ளியது. அவரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. கடைசி ஆளின் கால் கரையில் ஊன்றும்வரை அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நான்கு விரலாகவே இருந்தது.