இடப்பக்கத்துக் கடல்

கிரேன்காரரும் அவருடைய மகளும் கரையோரப் பாதையின் கடைசிவரை சைக்கிளில் போய்த் திரும்பியபோது, போகையில் இடப்பக்கம் இருந்த கடல் வருகையிலும் இடப்பக்கமே இருந்தது. வழியில் இருந்த ஊர்களில் முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது உண்மைதான். விடுதிக்காரர் ஒருவர் ‘கடல் தெரியும் அறை’ என்ற பலகைகளைக் கழற்றி, அதுவரை குப்பைத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பின்பக்க அறைகளில் மாட்டினார். படகுக்காரர்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். முன்பு அலையடித்த இடத்தில் காய்கறித் தோட்டங்களும் ஒரு பள்ளிக்கூடமும் வந்திருந்தன. பிள்ளைகள் வகுப்பில்தான் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. வாடகைக்குப் பழகத்தான் சில மாதங்கள் ஆயின.

இதற்குக் காரணம் கிரேன்காரரின் காது என்று சொல்பவர்கள் உண்டு. துறைமுகத்துக் கிரேன் கூண்டில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். கூண்டின் வலப்பக்கம் இருந்த அபாயச் சங்கு அவருடைய வலது காதை எப்போதோ அடைத்துவிட்டது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வலப்பக்கமிருந்து யார் எதைச் சொன்னாலும் “ம்ம், பாத்துக்கலாம்” என்பார். இந்த ஒரே பதிலால் ஒரு பதவி உயர்வைக் கோட்டைவிட்டிருக்கிறார், ஒரு நாய்க்குட்டியை வளர்க்கச் சம்மதித்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சாப்பாட்டு மேசையில் மொத்தக் குடும்பமும் அவருக்கு இடப்பக்கமே, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையாக உட்காரும். ஏன் என்று யாரும் வாய்திறந்ததில்லை.

மகள் டீசல் எஞ்சின் படித்தவள். சரக்குக் கப்பல் ஒன்றின் எஞ்சின் அறையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை ஏறவேண்டும். அப்பா வேண்டாம் என்றால் ஏறுவதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்பதும் தெரியும். எத்தனையோ கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றியவர், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. தான் ஏற்றிவிட்ட பெட்டி எதுவும் திரும்பி வந்து பார்த்ததில்லை என்பது அவருடைய வாதம்.

சைக்கிள் பயணம் அம்மாவின் யோசனை. “வீட்டுல வெச்சுச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாரு. சைக்கிள்ல கூட்டிட்டுப் போ. நடுவழியில எங்க போவாரு?”

கிளம்பிய முதல் மேட்டிலேயே கிரேன்காரர், “நீ உள்பக்கம் வாம்மா, தண்ணிப் பக்கம் நான் வரேன்” என்று சொல்லிவிட்டார். மகள் எந்த வயதிலும் தண்ணீர் ஓரம் நடப்பது அவருக்குப் பிடிக்காது. ஆக, கேட்கிற காது கடலுக்குப் போனது, கேட்காத காது மகளுக்கு வாய்த்தது. அவளுக்கோ பதற்றத்தில் இது உறைக்கவில்லை. சம்பளம், படுக்கும் அறை, விடுமுறை என்று பல மைல்களுக்குச் சொன்னாள். அவர் உற்சாகமாக மிதித்துக்கொண்டே பதில் சொன்னார். அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பாத்துக்கலாம்னாரு.”

“நீ எந்தப் பக்கம் இருந்து சொன்ன?”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “வலப்பக்கம்.”

“அப்ப நீ இன்னும் சொல்லவே இல்லடி.”

பரவாயில்லை, திரும்பும்போது கடல் வலப்பக்கம் வரும், அப்பாவும் அங்கே போவார், நாம் இடப்பக்கம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பாதை முடியும் கலங்கரை விளக்கத்தில் இருவரும் ஆளுக்கொரு ஆரஞ்சு தின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்கள். கடலும் திரும்பியது. தன்னை இவ்வளவு கவனமாகக் கேட்ட காதை விட்டுப்போக அதற்கு மனமில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மகளைத் தண்ணீரிலிருந்து தள்ளிவைக்க அப்பாதான் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார் என்கிறார்கள் மற்றவர்கள். கிரேன்காரர் என்பதால் அதுவும் முடியாத காரியமில்லை. எது சரி என்று உறுதியாகச் சொல்ல இங்கே ஆதாரம் போதவில்லை. அவர் மட்டும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போலத் தண்ணீர் ஓரத்தை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல், வீட்டுக்கு இன்னும் இரண்டு வளைவுகளே இருந்தன. பாதையில் அவருக்கு இடப்புறம் ஒரு சாண்கூட மிச்சமில்லை. மகள் பின்னால் வந்து, ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பி, கடலில் இறங்கினாள். சக்கரங்கள் விளிம்புவரை நனைந்தன, அதற்குமேல் இறங்கவில்லை. இரண்டு மிதி மிதித்ததும் அப்பாவுக்கு இணையாக வந்துவிட்டாள்.

“அங்க என்னம்மா பண்ற?”

“பேசணும்ப்பா. இந்தப் பக்கம் வந்தாத்தானே உங்களுக்குக் கேக்கும்?”

“யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் தெரியும்ப்பா.”

“உங்கம்மாவுக்குமா?”

“அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“எந்தக் காதுல?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அலைகள் அவளைத் தூக்கி இறக்கியதால் சம்பளம் மேலேயிருந்தும் விடுமுறை கீழேயிருந்தும் கேட்டது. அவர் ஒன்றையும் விடவில்லை. நடுநடுவே அவளுடைய சக்கரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“முழுகலையே நீ.”

“முழுகலப்பா.”

“எஞ்சின் ரூம்ல ஜன்னல் இருக்குமா?”

“இருக்காது.”

“காதுக்குப் பஞ்சு வெச்சுக்கோ. வெக்கப்படாத.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “சரி. போயிட்டு வா.”

முதல் வளைவில் எதிரே வந்த படகுக்காரர் ஒருவர் துடுப்பை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார். அவள் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு மிதித்தாள். பாதையிலிருந்து அப்பா சத்தம்போட்டார்:

“கரையேறினதும் செயினைத் துடைச்சு எண்ணெய் போடு. உப்புத் தண்ணி அது.”