திருஷ்டிப் பொட்டும் நான்கு ஆப்களும்

என் தங்கை வீரலட்சுமி ஒரு காரியத்தில் இறங்கினால் வீட்டில் இருக்கிறவர்களின் உயிரை வாங்கிவிட்டுத்தான் ஓய்வாள். அந்த வாரம் அவள் இறங்கியிருந்த காரியம், போட்டோவை அழகாக்க எந்த ஆப் நல்லது என்று கண்டுபிடிப்பது. சோற்றைப் பிசைந்தபடியே செல்லை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள். "யக்கா, இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

நாங்கள் அருப்புக்கோட்டைக்காரர்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் எனக்கு பேக்கிங், அவளுக்கு அசெம்பிளி. கேட்டிலேயே செல்லை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனாலேயே ஷிஃப்ட் முடிந்ததும் அவளுக்கு அதன் மேல் அப்படியொரு பசி. எங்கள் வாடகை வீட்டுக்குக் கீழ்வீட்டில் சுவேதா. வீட்டுக்குள் கன்னடம், எங்களிடம் தமிழ், இரண்டிலும் வாய் ஓயாது. அவள் மகனுக்கு மலைக்கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். போட்டோ எடுக்கிற வேலையை என் தங்கையிடம் கொடுத்திருந்தாள்.

"இது நல்லா வரட்டும். எங்கண்ணி முனிலட்சுமிக்கு அடுத்த மாசம் கிருஷ்ணகிரியில வளைகாப்பு. அதுக்கும் நீயே வந்துடு" என்றாள் சுவேதா.

அது போதாதா? வீரலட்சுமி மனசுக்குள் பாகலூர் ரோட்டில் ஸ்டுடியோவே திறந்துவிட்டாள். திறக்கட்டுமே. அசெம்பிளி லைனில் நின்றே கிழவியாகப் போகிறோம் என்று அழுத பெண், ஒன்றை ஆசைப்பட்டுச் செய்வதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் நான்கு ஆப் மிஞ்சின. ஒன்று, தட்டிய உடனே முகத்தைப் பளபளவென்று ஆக்கியது. இன்னொன்று எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயிலைக் கொட்டியது. மூன்றாவது பரவாயில்லை, ஆனால் படத்தின் மூலையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. நான்காவதில் தானாக ஒன்றும் நடக்காது. வெளிச்சம், நிழல், நிறம் எல்லாவற்றையும் நாமே விரலால் தள்ளித் தள்ளிச் செய்ய வேண்டும். "இதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு?" என்று அதை ஒதுக்கிவிட்டு, முதல் ஆப்பையே எடுத்துக்கொண்டாள்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் சென்றாயன் மடியில் உட்கார வைத்து ஆசாரி காதில் கம்பியைச் செருகியதும் பிள்ளை போட்ட சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலமே படங்களை எல்லாம் பளபளப்பாக்கிக் கீழ்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சுவேதா ஸ்டேட்டஸ் போட்டாள். சொந்தபந்தம் முழுக்கப் பார்த்து இதயம் இதயமாக அனுப்பியது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நாங்கள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சுவேதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். சிரிப்பு இல்லை.

"ஏன்க்கா, எம்புள்ள கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்சனே, போட்டோவுல அது எங்க போச்சு?"

பார்த்தோம். ஒரு படத்திலும் பொட்டு இல்லை. நாலு வீடு தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி கன்னத்தில் அவள் வைத்த கண் மைப் பொட்டை, அந்த ஆப் பரு என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருந்தது.

"ராத்திரிலருந்து பால் குடிக்கல, அழுதுகினே இருக்கறான். பொட்டு இல்லாத மூஞ்சிய ஊரே பாத்துச்சே, கண்ணு படாம என்ன பண்ணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன் சுவேதா, காதக் குத்துனா பிள்ள அழாம பாட்டா பாடும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வளைகாப்புக்கு வேற ஆள பாத்துக்கறோம்" என்று அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வீரலட்சுமி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "விடுடீ, கண்ணாவது மண்ணாவது" என்றேன்.

"அதில்லக்கா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு அவ பாத்துப் பாத்து வச்ச பொட்டு. அத நான் தொடைச்சுட்டேன்ல."

முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

வார லீவு அன்று காலையிலேயே உட்கார்ந்தாள். நல்லவேளை, எடுத்தபடியே உள்ள படங்கள் செல்லில் பத்திரமாக இருந்தன. இந்தத் தடவை அழகு எது என்று பார்க்கவில்லை, பொட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். வெயில் கொட்டுகிற ஆப்பில் பொட்டு பழுப்பாகி மண் ஒட்டின மாதிரி ஆனது. பெயர் போடுகிறதைத் திரும்பவும் வேண்டாம் என்றாள். மிஞ்சியது அந்த நான்காவது. ஒவ்வொரு படமாக எடுத்து, கோயில் மண்டபத்து இருட்டை மட்டும் கொஞ்சம் விலக்கி, தொடக்கூடாததைத் தொடாமல் விட்டாள். மத்தியானச் சோறு ஆறிப் போனது. நான் திட்டவில்லை.

திடீரென்று, "யக்கா, இங்க வா" என்றாள்.

காது குத்தி முடித்ததும் மகனைப் பிடுங்காத குறையாக வாங்கி, சுவேதா கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்துக்கொண்டிருந்த படம். அழுத்திய அழுத்தலில் பிள்ளையின் பொட்டு பாதி கலைந்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. பாதிப் பொட்டு மகனுக்கு, பாதி அம்மாவுக்கு. அவள் கண்ணீர் அந்த மையைக் கரைத்துக்கொண்டு ஒரு கோடாக இறங்கியிருந்தது. பளபளப்பு ஆப் இதையெல்லாம்தான் வழித்துத் துடைத்திருந்தது.

இருவரும் கீழே போனோம். பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். காது ஆறிவிட்டது போல, குணமாகத்தான் இருந்தான். சுவேதா முகம் கொடுக்கவில்லை. வீரலட்சுமி செல்லை அவள் கையில் வைத்தாள்.

சுவேதா பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கை தன்னால் அவள் கன்னத்துக்குப் போனது.

"அய்யோ தேவ்ரே, நானும் அழுதனா?"

"அவன விட நீங்கதான் ஜாஸ்தி" என்றாள் வீரலட்சுமி.

சுவேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே அந்தப் படத்தை ஸ்டேட்டஸ் போட்டாள். "முன்ன அனுப்பினது யாரோ டிவியில வர்றவங்க மாதிரி. இதான் நாங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன்." நானும்தான் பேசினேன் என்றேன்.

"எங்கண்ணிக்கு மூக்கு மேல பெரிய மச்சம் ஒண்ணு இருக்குது. வளைகாப்புல அதத் தொடக்கூடாது, தெரியுதா? எங்கண்ணனுக்கு அதுதான் உசுரு" என்று வீரலட்சுமியிடம் சொன்னாள்.

என் தங்கையின் முகத்தை அப்போது யாராவது போட்டோ எடுத்திருக்க வேண்டும். எந்த ஆப்பும் தேவைப்பட்டிருக்காது.

நாங்கள் கிளம்பும்போது சுவேதா மை டப்பாவை எடுத்து வந்தாள். பிள்ளைக்குத்தான் என்று நினைத்தேன். அவள் வீரலட்சுமியின் செல்லை வாங்கித் திருப்பி, பின்பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இனிமே இதுமேலதான் எல்லார் கண்ணும் இருக்கும்" என்றாள்.

எனக்கு எதிலும் அழுக்கு இருந்தால் பிடிக்காது. கையில் கிடைத்ததையெல்லாம் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பேன். அந்தச் செல்லை மட்டும் இன்றுவரை துடைத்ததில்லை.