இசோயாவில் மிஞ்சிய சூரைத் துண்டு

எங்கள் துறைமுகத்தில் இசோயா என்ற சாப்பாட்டுக் கடையில் மிஞ்சிப்போன ஒரு துண்டு சூரை மீன், கோடை முடிவதற்குள் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. அது கெடவில்லை, நாறவில்லை. அன்று காலை படகிலிருந்து இறக்கிய மீனைப் போலவே பளபளவென்று இருந்தது. ஊரில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். கணவாய் மீன் விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குனியோஷியும் தபால் நிலையத்து மித்சுயேயும் வியாழக்கிழமைதோறும் மதியம் இசோயாவுக்கு வந்து, இரண்டு பேருக்கான கடல் சாப்பாடு சொல்லி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, சிப்பி போட்ட மிசோ சூப், ஊறிய முள்ளங்கி, சுட்ட கானாங்கெளுத்தி, நடுவில் ஒரே தட்டில் பச்சை மீன் துண்டுகள். முதல் துண்டு நாக்கில் கரையும்போது இருவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதுவரை எல்லாம் சுகம். ஆனால் பொதுத் தட்டில் கடைசித் துண்டை எடுக்கிறவனை எங்கள் ஊரில் யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் அது தட்டோடு சமையலறைக்குத் திரும்பும். கடைக்காரி தோமியே யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்வாள். கோடைத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை மிஞ்சியதோ சூரையின் கொழுத்த வயிற்றுத் துண்டு. விட மனசில்லை, எடுக்கவும் துணிச்சலில்லை.

"நீங்க எடுத்துக்கோங்க."

"ஐயய்யோ, நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு வயிறு முட்டிப்போச்சு."

"எனக்குந்தான்."

இரண்டும் பச்சைப் பொய். ஒவ்வொரு உபசாரத்துக்கும் துண்டு ஒரு விரல்கடை பெருத்தது. கடை அடைக்கும் வரை உபசரித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு தோமியேயால் தட்டை அசைக்கக்கூட முடியவில்லை.

வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்பீர்கள். முதல் வெட்டை யார் போடுவது? மீனவர்கள் வந்தார்கள். இளையவர்கள் "பெரியவங்க முதல்ல" என்றார்கள். பெரியவர்கள் "பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்றார்கள். மீன் மேசையை விட்டு வழிந்தது. கோயில் பூசாரி வந்து மேயரைக் கை காட்டினார். மேயர் குனிந்து வணங்கி மறுத்ததில் மீன் இன்னும் பெருத்து இரண்டு நாற்காலிகள் நசுங்கின. துறைமுகத்துப் பூனைகள் இரண்டை உள்ளே விட்டுப் பார்த்தாள் தோமியே. ஒன்று மோந்து பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தது. மற்றது வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. எங்கள் ஊர்ப் பூனை வேறெப்படி இருக்கும்?

இத்தனைக்கும் குனியோஷியின் கவலை மீன் அல்ல. மித்சுயேயைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு வருஷக்கணக்காக ஆசை. கேட்டால் அவளுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று கேட்காமலே இருந்தான். இப்போது அவளுக்கு வடக்கே ஹொக்கைடோவுக்கு மாற்றல் வந்திருந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக் கோடையின் கடைசி வியாழக்கிழமை மாலை வரைதான் அவகாசம். அன்று மதியம் கடைசியாக ஒரு சாப்பாடு என்று வந்து உட்கார்ந்தார்கள். இடையில் மீன் சுவர்போல் நின்றதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"நான் போகட்டுமா?" என்று அந்தப் பக்கமிருந்து மித்சுயே கேட்டாள்.

"உங்க இஷ்டம் எப்படியோ அப்படி" என்றான் பாவி மனுஷன்.

மீன் விட்டத்தை முட்டியது. மரம் படீரென்று விரிசல் விட்டது. தோமியே அகப்பையோடு ஓடி வந்தாள்.

"அடப்பாவிங்களா, என் கடையே இடிஞ்சு விழப்போகுது! வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

குனியோஷிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"எனக்கு வேணும்."

"என்ன வேணும்? சத்தமா!" என்றாள் தோமியே.

"மித்சுயே வேணும்! போகக் கூடாது!"

"அப்பாடா" என்று குரல் வந்தது மீனுக்கு அந்தப் பக்கமிருந்து. "போகல. இதச் சொல்ல வைக்க இவ்வளவு பெரிய மீனா வேணும்?"

மீன் பெருமூச்சு விட்டுச் சுருங்கித் தட்டில் ஒரு துண்டாகப் படுத்தது. மித்சுயே யாரையும் கேட்கவில்லை. அதை எடுத்து, சோயா சாஸில் தொட்டு, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வாய் தரலியே" என்றான் குனியோஷி. அவன் வாயிலிருந்து ஊர் கேட்ட முதல் புகார் அதுதான்.

"நீ கேட்டியா?" என்றாள் அவள்.

விட்டத்தைச் சரிசெய்ய வந்த தச்சனிடம், கூரையை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கிக் கட்டச் சொன்னாள் தோமியே. "இந்த ஊர்க்காரங்க திருந்தவா போறாங்க?" என்றாள். வசந்தத்தில் கல்யாண விருந்து அங்கேயே நடந்தது. கடைசியில் தட்டில் ஒரே ஒரு இறால் மிஞ்சியது. "நீங்க", "ஐயோ நீங்க" என்று ஆரம்பித்தார்கள். மணப்பெண் சாப்பாட்டுக் குச்சியை நீட்டுவதற்குள் இறால் தலையணை அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது.