அனுப்பி வைக்காத ஓய்வுநாள்

ஜன்னல் மாடத்தில் ஒரு வெள்ளிச் சிமிழ். உள்ளே கிராம்பு. சிமிழின் மேல் மழை வெளிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலமே திறந்திருக்க வேண்டியது. இன்றைக்குச் செவ்வாய். இன்னும் திறக்கவில்லை.

மண்ணடியில் அந்தத் தெருவுக்கு ஒரே யூத வீடு. சிப்போராவும் அவள் கணவர் செம்தோவும். வெள்ளிக்கிழமை பொழுது சாய அவள் விளக்கேற்றினால் ஓய்வுநாள் மணப்பெண்ணாக உள்ளே வருவாள். கூடவே ஆளுக்கு இன்னோர் உயிரும் வந்து சேரும். மறைநூலுக்கு அவர்கள் பெரியவர்கள் கண்ட உள்ளர்த்தம் அது.

சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரிந்தால் அந்த உயிர் கிளம்பிவிடும். திராட்சை ரசம், முறுக்கிய மெழுகுவத்தி, கிராம்பு வாசனை. அதுதான் வழியனுப்பு.

செம்தோவுக்கு நினைவு தப்பி நாலு வருடம். போன வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய கையோடு அவள் திரும்பியபோது, "சிப்போரா" என்றார்.

நாலு வருடத்தில் முதல் தடவை! வந்த உயிர்தான் கூப்பிட்டது என்று அவளுக்குப் பட்டது. பாவம், படாமல் என்ன செய்யும்? வழியனுப்பினால்தானே அது போகும். அவள் அனுப்பவில்லை.

ஓய்வுநாள் முடியாதவரை நெருப்பு மூட்டக் கூடாது. அடுப்பு பற்றவைக்கவில்லை. சுவிட்சைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஹமீதா கஞ்சி கொண்டுவந்தாள்.

"என்னக்கா, உங்க சனிக்கிழமை இன்னுமா முடியல?"

"முடியல ஹமீதா."

ஞாயிறு அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. திங்கள் சொல்லவில்லை. மழை பெய்தது. வெளிச்சமில்லாத வீட்டில் தடவித் தடவி அவருக்குத் துணி மாற்றினாள். ஓய்வுநாளைப் பிடித்து வைத்திருப்பது என்ன அலுப்பு, அப்பப்பா! ஓய்வே இடுப்பை ஒடித்தது.

வழியனுப்பச் செவ்வாய் பொழுது சாயும்வரைதான் கெடு. அதன்பின் வரும் நாட்கள் அடுத்த ஓய்வுநாளைச் சேர்ந்தவை. அதற்குள் திராட்சை ரசத்தை மட்டும் ஆசி சொல்லிக் குடிக்கலாம்; மெழுகுவத்தியும் கிராம்பும் சனிக்கிழமையோடு சரி. குடித்தால் அந்த உயிர் போய்விடும். தன் பெயரும் அதோடு போய்விடும்.

கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. அழுகை வந்தது, அழத் தெம்பில்லை.

செம்தோவ் எழுந்து வந்தார். சிமிழை எடுத்தார். மூடியைத் திறந்தார். ஐம்பது வருடம் திறந்து பழகிய கை. செவ்வாய்க்கிழமை கிராம்பு கிடையாது என்று அவருக்கு யார் சொல்வது!

"யாரும்மா நீங்க? ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. இந்தாங்க, இதை மோந்து பாருங்க."

மூக்கருகே நீட்டினார். சுரீரென்று ஏறியது வாசனை.

போகிற உயிருக்கு வாசனை எதற்கு? விட்டுப் போனபின் தனியாக நிற்கிற உயிர் மயங்கி விழாதிருக்கத்தான் கிராம்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். இந்த மூன்று நாளில் அவளும் மறந்திருந்தாள்.

"பேரு என்னம்மா?"

"சிப்போரா."

"நல்ல பேரு" என்றார்.

அவள் ஆசி சொன்னாள். ரசத்தைக் குடித்தாள். அழுதாள். பிறகு எழுந்து சுவிட்சைப் போட்டாள். அவருக்குப் பசிக்குமே என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஜன்னல் மாடத்தில் வெள்ளிச் சிமிழ். மூடி திறந்திருந்தது. அதன் மேல் விளக்கு வெளிச்சம்.