எடைமேடையிலிருந்து ஆபீஸுக்கு

1989 மாம்பழ சீசனில், காரிமங்கலம் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்கு என்னை மாட்டிவிட்டார்கள். எடைமேடையில் டாஸ் கம்ப்யூட்டர். மைதானம் தாண்டி ஆபீஸில் வேறு ஜாதி, யூனிக்ஸ் கம்ப்யூட்டர். ஒரே பிரிண்டர், அதுவும் ஆபீஸில். எடை போடும் முனாப், ஒவ்வொரு வண்டிக்கும் எடை பதிந்த ஃப்ளாப்பியைத் தூசி படாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திக்கொண்டு வெயிலில் நடந்து போய், எடைச்சீட்டை அடித்துக்கொண்டு வருவார்.

இரண்டு கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்தேன். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரிவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கடைசியில் முனாப் இங்கே பொத்தானை அழுத்த, அங்கே பிரிண்டர் ஓடியது.

முதல் வண்டி பெரியண்ணன் என்ற விவசாயியுடையது. சீட்டை ஆபீஸ் ஜன்னலில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"எடை போட்டது இவருங்க. சீட்டும் இவரு கையாலதான் வாங்குவேன்."

"அதே எடைதாங்க கேபிள்ல போவுது" என்றேன், எரிச்சலை மறைக்காமல்.

"போவட்டுங்க. நாளைக்கு எடை தப்புன்னா நான் யாரைக் கேக்கறது, ஜன்னலையா?"

முனாப் ஆபீஸுக்குப் போய்ச் சீட்டைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அடுத்த வண்டிக்காரரும் முனாப்பிடமே கையை நீட்டினார்.

"இத்தனை பாடுபட்டும் உங்க நடை குறையலையே" என்றேன்.

முனாப் மூலையில் இருந்த குடையை எடுத்து விரித்தார்.

"கை ரெண்டும் சும்மாதானுங்களே இருக்குது இப்ப."