ஒவ்வொரு வாரமும் வேறொருத்தி

ப்ளஃப் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் காலை ஐந்து மணிக்கே கத்திகள் ஓடத் தொடங்கிவிடும். மெரியானா சிப்பியை மேடையில் வைத்து அழுத்தி, ஓட்டின் விளிம்பில் கத்தி நுனியைக் கொடுத்து ஒரு திருகு திருகி, சதையை வாளிக்குள் வழித்துப் போட்டாள். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"இந்த வாரம் நீ யாருடி?" என்று பக்கத்து மேடையிலிருந்து நோலின் கேட்டாள். அறுபது வயதிலும் அந்தக் கொட்டகையில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும்தான்.

"ஹாலி. ஆக்லாந்து கீப்பர்."

"அந்த நெட்டைக் கொக்கா? உனக்கு ஒரு சாண் பத்தாதே!"

"எம்பிக் குதிச்சிக்கறேன் ஆன்ட்டி."

மெரியானா தென்கரை நெட்பால் அணியின் பயிற்சித் துணை. நாட்டின் முதல்நிலை லீகில் ஆடும் அணி அது. ஒப்பந்தம் போட்டவர்கள் பத்துப் பேர், இவள் பதினொன்றாவது. சனிக்கிழமை எதிரணியில் கோலைத் தடுக்க வரப்போகும் கீப்பர் எப்படி நிற்பாள், எந்தக் கையைத் தூக்குவாள் என்று காணொளியில் பார்த்து, செவ்வாயும் வியாழனும் அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். பந்தை உயரத்து வளையத்துக்குள் எறிந்து கோல் போடும் ஓஃபா அதை எதிர்த்துப் பழகிக்கொள்வாள். யாருக்காவது அடிபட்டால்தான் இவளுக்குக் களம். மூன்று பருவமாக இதே கதை. ஆனால் அடுத்த வருடம் ஓர் இடம் காலியாகிறது. அது மட்டும் கிடைத்துவிட்டால் சிப்பிக் கத்திக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று மெரியானா நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஓஃபாவால் பத்துக்கு நாலு கோல்கூடப் போட முடியவில்லை. மூன்றடி தள்ளி நின்று, இடது பக்கம் சாய்ந்து, கடைசி நொடியில் கையை நீட்டி மெரியானா எல்லாவற்றையும் தட்டிவிட்டாள்.

"பேயி மாதிரி நிக்கறடீ. நெசமாவே ஹாலி வந்துட்டாளோன்னு பயந்துட்டேன்" என்றாள் ஓஃபா.

"சாயறதுக்கு முன்னாடி அவ வலது கால்ல பாரத்தைப் போடுவா. அப்பவே எறிஞ்சுடு."

வியாழக்கிழமை பத்துக்கு ஒன்பது விழுந்தது. இரண்டு பேரும் தரையில் படுத்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை லீகின் கடைசி ஆட்டம். ஆக்லாந்து ஏற்கெனவே இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது; ஜெயித்தால் தென்கரையும் போகும். மூன்றாம் கால் பகுதி முடியும் நேரத்தில் தென்கரையின் கீப்பர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் ப்ரூ திரும்பிப் பார்த்து விரலைச் சுண்டினாள். மெரியானா கீப்பருக்கான ஜி.கே. என்ற எழுத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

முதல் மூன்று நிமிடத்தில் ஐந்து கோல். ஆக்லாந்துக்காகக் கோல் போடும் டேனிகா இவள் அசைவதற்கு முன்பே பந்தை எறிந்துவிட்டாள். ஐந்தாவதைப் போட்டுவிட்டு முகத்துக்கு நேரே சிரித்தாள்.

"ஏய், நீ எங்க ஹாலி மாதிரியே ஆடறே! தெனம் அவளை எதிர்த்துதானே நான் ஆடிப் பழகறேன்?"

மெரியானாவுக்கு முகம் சுட்டது. இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்த உடம்பு ஹாலியுடையது. தன் ஆட்டம் எது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்துத் தார்த் தளத்தில், மழையில், ஆளின் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து, பந்து கிளம்பும் கையையே பார்த்துப் பாய்ந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. டேனிகாவை விட்டு இரண்டடி முன்னே வந்தாள். அடுத்த பந்தைக் காற்றிலேயே பறித்தாள். அதற்கடுத்ததையும். அரங்கம் எழுந்து நின்றது. மணி அடித்தபோது தென்கரை ஒரு கோல் முன்னால் இருந்தது. ஓஃபா ஓடிவந்து இவளைத் தூக்கிச் சுற்றினாள். அத்தனை சந்தோஷமாக மெரியானா எந்நாளும் இருந்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு நடுவே ப்ரூ தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை எங்க மானத்தைக் காப்பாத்தினே."

"அப்ப அந்தப் பத்தாவது எடம் கோச்?"

ப்ரூ கோப்பையைப் பார்த்தாள். "ஹாமில்டன் பொண்ணு ஒருத்திக்குக் குடுத்தாச்சு. பத்தொம்பது வயசு, ஆறடி மூணு அங்குலம். உன்னைப் பிடிக்காம இல்லம்மா. நீ களத்துல எறங்கினா எனக்கு ஒரு கீப்பர். நீ இங்க நின்னா மத்த அஞ்சு டீம் கீப்பரும் என் கையில. உன் வேலையை வேற யார் செய்வா, சொல்லு?"

மெரியானாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் இறுதிப் போட்டியிலும் அதே ஆக்லாந்து. தென்கரை கீப்பரின் கணுக்காலும் சரியாகிவிட்டது. ஓஃபா வளையத்தின் கீழே பந்தோடு காத்திருந்தாள். மெரியானா எழுந்துபோய் அவளுக்கு மூன்றடி தள்ளி நின்றாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை.

இறுதிப் போட்டி ஆக்லாந்தில். ஜலசந்தியில் மூன்று நாள் புயலில் முடங்கியிருந்த படகுகள் அன்றைக்குத்தான் மூட்டை மூட்டையாகச் சிப்பியைக் கொண்டுவந்து இறக்கின. விமான டிக்கெட் பட்டியலில் மெரியானா பெயர் இல்லை. கொட்டகை முதலாளி டக் தேநீர் அறைத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். எல்லோரும் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு அதன் முன்னால் நின்றார்கள்.

ஹாலியின் வலது காலில் பாரம் ஏறியதுமே ஓஃபா எறிந்தாள். விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது.

"ஹாலியின் மனசுக்குள்ளேயே புகுந்து படிச்ச மாதிரி ஆடறாங்க" என்றார் வர்ணனையாளர்.

"படிக்க வெச்சவ இங்க நிக்கறாய்யா!" என்று நோலின் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள். கொட்டகையே சிரித்தது. மெரியானா கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, இடைவேளை முடிந்ததென்று கொட்டகைச் சங்கு ஊதியது. டக் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அவர்கள் மேடைக்குத் திரும்பிக் கத்தியை எடுத்தார்கள். சுவருக்கு அப்பால் ஆரவாரம் எழுந்தது. தென்கரைதான்.

பதக்கத்துக்காகப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கொட்டகையில் எல்லோரும் கத்திப் பிடியால் மேடையைத் தட்டினார்கள். ஓஃபாவின் பெயருக்கு மெரியானா சிப்பிகள் துள்ளும்படி தட்டினாள். பத்தாவது பெயரும் முடிந்தது. இசை போட்டார்கள்.

மெரியானா அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். நோலின் மட்டும் மேடையைத் தட்டக் கத்தியை ஓங்கியபடி, இன்னொரு பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.